மழைக்காலப் பை: எதை வாங்குவது, எப்படிப் பழகுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், புயல் வெள்ளத்துக்கென்று எடுத்து வைக்கும் அவசரப் பை பற்றி ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். எந்த டார்ச் நல்லது, எந்தப் பவர் பேங்க் தாங்கும், தீயணைப்பான் வீட்டுக்குத் தேவையா. வருஷா வருஷம் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது தென்சென்னையில், தரைத்தளத்தில். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. முதல் தடவை பொருட்கள் நிறைய இருந்தன, ஒன்றும் சமயத்துக்கு உதவவில்லை. இரண்டாம் தடவை இருந்ததே ஒரு பள்ளிப் பைதான். ஆனால் அந்தப் பையில் எது எந்த ஜிப்புக்குள் இருக்கிறது என்று என் பத்து வயது மகளுக்குக்கூட இருட்டில் தெரியும்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டரையும்தான். போன் டார்ச் கூடாது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்து சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எதையெல்லாம் தேடினீர்களோ அதுதான் நீங்கள் வாங்க வேண்டிய பட்டியல்.

எங்கள் வீட்டில் முதல் முறை செய்தபோது டார்ச் பீரோவுக்குள் இருந்தது, பீரோ சாவி எங்கே என்று பார்க்க டார்ச் வேண்டியிருந்தது. தண்ணீர் கேன் நிறைய இருந்தது, ஆனால் அதன்மேல் மாட்டியிருந்தது சார்ஜில் ஓடும் பம்ப், அதில் சார்ஜ் இல்லை. இருபது லிட்டர் கேனைச் சாய்த்து ஒரு சொம்பு பிடிப்பதற்குள் கால் லிட்டர் தரையில். மறுநாள் காலையில் வாங்கிய முதல் அவசரகாலச் சாதனம் கையால் அழுத்தும் சாதாரண பம்ப்.

ஆன்லைனில் "72 மணி நேர எமர்ஜென்சி கிட்" என்று ஒரே பையாகக் கிடைக்கிறதே, அதை வாங்கிவிட்டால் போதாதா?

திறந்து பாருங்கள். திசைகாட்டி, தீப்பொறி உண்டாக்கும் கம்பி, வெள்ளித்தாள் மாதிரி ஒரு போர்வை, பல் குத்தும் அளவுக்கு ஒரு ரம்பம். பனிமலையில் வழி தவறியவருக்கு உதவும். வேளச்சேரியில் மூன்று நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பவரின் பிரச்சினை குளிர் கிடையாது. கொசு, குடிதண்ணீர், கழிப்பறை, சுகர் மாத்திரை. அந்தப் பையில் கொசுவர்த்தி இருக்காது.

சொந்தமாகச் சேர்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. நீங்களே ஒவ்வொன்றாக வைத்த பொருள் நினைவில் நிற்கும்.

எந்த டார்ச் வாங்கலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். கடைக்காரர் எதிர்வீட்டு மாடி வரை அடித்துக் காட்டும் டார்ச்சை விட்டுவிடுங்கள். அவசர நேரத்தில் இரண்டு கையும் வேலையாக இருக்கும், ஒன்றில் குழந்தை, இன்னொன்றில் மாடிப்படிக் கைப்பிடி. அதனால் தலையில் மாட்டும் ஹெட்லாம்ப்தான் என் முதல் ஓட்டு. வெளிச்சத்தை லூமன் என்ற அளவில் சொல்வார்கள், வீட்டுக்கும் தெருவுக்கும் 200 லூமன் தாராளம். சின்ன டார்ச்சில் பல ஆயிரம் லூமன் என்று அச்சிட்டிருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அப்புறம் பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ செல்லில் எரிவதாக ஒன்றாவது இருக்கட்டும். கரண்ட் இல்லாத நான்காவது நாள் சார்ஜ் போட வழி இருக்காது, பெட்டிக்கடையில் செல் கிடைக்கும். செல்லை உள்ளே போட்டே வைக்காதீர்கள். 2015ல் நான் நம்பியிருந்த டார்ச்சைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளை உப்பு பூத்திருந்தது. செல் கசிந்து உலோகத்தைத் தின்றுவிட்டது. இப்போது செல்களைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ரப்பர் பேண்டால் டார்ச்சோடு கட்டி வைத்திருக்கிறேன். இருட்டில் செல்லைச் சரியான பக்கம் போடுவதும் ஒரு பயிற்சிதான். கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பாருங்கள், முதல் இரண்டு தடவை தப்பாகத்தான் போகும்.

பரணில் கிடக்கும் பழைய ரீசார்ஜ் எமர்ஜென்சி விளக்கு பற்றி: பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது சிறிய ஈய-அமில பேட்டரி. சார்ஜ் இறங்கியபடி ஆறு மாதம் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிவு ஏறிவிடும், பிறகு எவ்வளவு நேரம் பிளக்கில் போட்டாலும் பத்து நிமிஷம்தான் எரியும். வாங்கிய அன்று நன்றாக எரிந்ததே என்பதெல்லாம் கணக்கில் வராது.

தண்ணீர் தாங்குமா என்பதற்கு அட்டையில் ஐபிஎக்ஸ் எண் இருக்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் சாரலைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். வெறுமனே "வாட்டர் ப்ரூஃப்" என்று போட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. ஐபிஎக்ஸ்7 என்று விற்றதை நான் வாங்கிய அன்றே வாளித் தண்ணீரில் போட்டுவிடுவேன். சாக வேண்டுமானால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சாகட்டும்.

மெழுகுவர்த்தி?

சாமி அறையோடு நிற்கட்டும். காற்றும் திரைச்சீலையும் தூக்கக் கலக்கமும் சேர்ந்த வீட்டில் எல்இடி விளக்கு இருக்கும்போது அது எதற்கு?

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 5,000 எம்ஏஎச் போனை நான்கு தடவை சார்ஜ் செய்யுமா?

செய்யாது. அட்டையில் பெரிதாகப் போடுவது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. அதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போதே எண் குறையும், சூடாகவும் கொஞ்சம் போகும். 10,000 என்று போட்டதிலிருந்து கைக்கு வருவது 6,000 சொச்சம்தான். பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் "ரேட்டட் கெப்பாசிட்டி" என்று இருப்பதைப் படியுங்கள், அதுதான் நேர்மையான எண். ஆக 10,000க்கு ஒன்றேகால் தடவை, 20,000க்கு இரண்டரை தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியத் தர நிர்ணயப் பதிவு முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். வயிறு உப்பியதை அன்றே அப்புறப்படுத்துங்கள், குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். முழுக்கக் காலியாகவும் முழுக்க நிரப்பியும் மாதக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. முக்கால் அளவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, புயல் எச்சரிக்கை வந்தவுடன் நிரப்பிக்கொள்ளுங்கள். கேபிளைப் பவர் பேங்கோடு சேர்த்துக் கட்டுங்கள். கேபிள் இல்லாத பவர் பேங்க் செங்கல்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே, போதாதா?

ஒரு ராத்திரிக்குப் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாவின் பல ஊர்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. அப்புறம், உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி எந்த உயரத்தில் இருக்கிறது? தரையில் இருந்தால் வெள்ளத்தில் முதலில் போவது அதுதான்.

தண்ணீர் ஏறும்போது மெயினை எப்போது அணைப்பது?

வாசற்படியைத் தொடும்போதே. பிளக் பாயிண்ட் வரை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே தண்ணீரில் நின்றுகொண்டு மீட்டர் பெட்டியைத் தொடக் கூடாது, ஈபிக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீட்டில் யாருக்குமே அந்தப் பொத்தான் எதற்கென்று தெரியவில்லை, எனக்கும் சேர்த்து.

தீயணைப்பான் வீட்டுக்குத் தேவையா? எது?

தேவை. ஏபிசி பவுடர் (கட்டை துணி, எண்ணெய், கேஸ் மூன்று வகைத் தீக்கும் ஆவது), 2 கிலோ, ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். எரியும் அடுப்பைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் மாட்டுங்கள். அழுத்தமானி முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

வாங்குவது சுலபம், பயன்படுத்துவதில்தான் சிக்கல். எங்கள் குடியிருப்பில் ரீஃபில் செய்ய வேண்டிய ஐந்து சிலிண்டர்கள் வந்தன. எடுத்துப் போகிறவர் எப்படியும் பவுடரை வெளியேற்றத்தான் போகிறார், அதை நாமே செய்து பழகலாமே என்று, தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, பின்பக்கக் காலி மனையில் இரும்புச் சட்டியில் பழைய செய்தித்தாளைக் கொளுத்தினோம். முதலில் வந்தவர் எங்கள் செயலாளர். லீவரைத் தடுத்து நிற்கும் பாதுகாப்புப் பின்னை இழுக்கிறார், வரவே இல்லை. முகம் சிவந்துவிட்டது. பதற்றத்தில் ஒரு கையால் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பின்னை இழுத்திருக்கிறார். லீவரை அழுத்தினால் பின் இறுகிக்கொள்ளும். சிலிண்டரைத் தரையில் வைத்து, லீவரில் கை படாமல் இழுத்ததும் சுலபமாக வந்துவிட்டது. இரண்டாமவர் தீயின் தலையில் அடித்தார், பவுடர் மேலே போயிற்று, தீ கீழே எரிந்துகொண்டிருந்தது. மூன்றாமவர் வாட்ச்மேன். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடியில் குறிவைத்து, பெருக்குகிற மாதிரி இடமும் வலமுமாக அடித்தார். நான்கு நொடி.

2 கிலோ சிலிண்டர் மொத்தமே பத்து நொடி சொச்சம்தான் வரும். அதற்குள் தடுமாறிக் கற்றுக்கொள்ள நேரம் கிடையாது. முதுகு எப்போதும் வாசல் பக்கம் இருக்கட்டும். பத்து நொடியில் அடங்கவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து 101 அல்லது 112.

இப்படிப் பழக ஏற்ற சமயம் ஏப்ரல் 14 முதல் 20 வரை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக நாடெங்கும் தீயணைப்பு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் பக்கத்து நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், வந்து செய்து காட்டுவார்கள்.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால்?

அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. தீயணைப்பானை மிக அருகில் பிடித்து அடித்தால் எரியும் எண்ணெய் தெறிக்கும், அதனால் தட்டுதான் முதல் ஆயுதம். பொரிக்க உட்காரும்போதே வாணலியைவிட அகலமான தட்டு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெள்ளம் வந்தால் கேஸ் சிலிண்டரை என்ன செய்வது?

ரெகுலேட்டரைக் கழற்றி மூடியை மாட்டி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டுங்கள். பாதி காலியான சிலிண்டர் மிதக்கும், மிதந்து ஹோஸைப் பிடுங்கும். ரெகுலேட்டரைக் கழற்றி மாட்ட வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று இன்றைக்கே கேளுங்கள். என் மாமியார் நாற்பது வருஷம் கேஸில் சமைத்தவர், ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை. கசிவு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய், கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் பேசுங்கள்.

குடிதண்ணீர் எவ்வளவு? ஓஆர்எஸ் அவசியமா?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 36 லிட்டர், அதாவது இரண்டு கேன். மற்றதற்கு, எச்சரிக்கை வந்தவுடன் வாளி, அண்டா, குக்கர் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்க வேண்டியதுதான். சம்ப்பில் வெள்ளநீர் கலந்துவிட்டால் அது கழுவவும் ஊற்றவும் மட்டும். சந்தேகமான தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க விடுங்கள்.

ஓஆர்எஸ், அதாவது வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி, அவசியம், ஆனால் பாக்கெட்டைப் படியுங்கள். பெரிய பாக்கெட் 20.5 கிராம், ஒரு லிட்டருக்கு. சின்ன பாக்கெட் நான்கு கிராம் சொச்சம், 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும், குழந்தைக்கு ரொம்பவே ஆபத்து. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

முதலுதவிப் பெட்டியில் என்ன வைப்பது?

அன்றாடம் சாப்பிடும் மாத்திரை ஒரு வாரத்துக்கு. இதை எழுதாத பட்டியல் பட்டியலே இல்லை. பிறகு கட்டுத்துணி, பஞ்சு, ஒட்டும் பிளாஸ்டர், கத்தரிக்கோல், கையுறை, பாராசிட்டமால், வெப்பமானி. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்துக் கையால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் சிபிஆரைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதிவிடலாம். பொம்மையின் மேல் இரண்டு நிமிஷம் அழுத்திப் பார்த்தால்தான் தோள் எப்படி விட்டுப்போகிறது என்பது தெரியும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பயிற்சி தருகின்றன. பையில் போட இரண்டாயிரம் ரூபாய் இருந்தால் அதை இதில் போடுங்கள் என்பேன்.

வெள்ளத்தோடு பாம்பு வருகிறது. உறிஞ்சி எடுக்கும் "ஸ்னேக் பைட் கிட்" வாங்கலாமா?

வேண்டாம். உறிஞ்சுவது, கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை கால் அசையாமல் பார்த்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள், 108. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், அதனால் பாம்பை அடித்துக் கையோடு எடுத்துப் போக வேண்டியதில்லை. அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருவது. நமக்குச் சொல்லிக்கொள்ளப் பெருமையான விஷயம் அது.

கம் பூட்ஸ், கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் வேண்டுமா?

கம் பூட்ஸ் முழங்காலுக்குக் கீழ் தண்ணீர் இருக்கும்வரை ராஜா. மேலே போனால் உள்ளே நிறைந்து காலைத் தூக்க விடாது. நான் நாடா கட்டும் பழைய ஷூதான் போடுகிறேன். செருப்பு முதல் பத்து அடியிலேயே போய்விடும், வெறுங்காலில் கண்ணாடிச் சில்லும் எலிக்காய்ச்சலும். மூங்கில் கம்பு ஒன்று கட்டாயம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குத்திப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும், மூடியில்லாத பாதாளச் சாக்கடை மேலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீர் முழங்கால் அளவு இருந்து ஓடவும் செய்தால் இறங்காதீர்கள். காரில் போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள், ஓரடித் தண்ணீரே சின்னக் காரைத் தூக்கிவிடும்.

கயிறு பதினைந்து மீட்டர். நைலான் முங்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், எனவே எறிவதற்கு இரண்டாவதுதான். ஆளின் மேல் எறியாமல் ஆளைத் தாண்டி விழும்படி எறிய வேண்டும். ஓடும் தண்ணீரில் யாரும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளக் கூடாது, இழுப்பு வந்தால் அதுவே முக்கிவிடும். மொட்டை மாடியில் ஒரு பூந்தொட்டியைக் குறியாக வைத்து எறிந்து பாருங்கள். எனக்கு ஆறாவது எறிதான் போய்ச் சேர்ந்தது.

ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ வீடு என்றால் லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். மற்றவர்கள் அந்தக் காசில் தண்ணீர் வருமுன்னே கிளம்ப ஆட்டோ பிடிக்கலாம்.

பணம், ஆவணங்கள்?

நகல்கள் டிஜிலாக்கரில், அசல்கள் ஜிப்லாக் கவரில். பணம் நூறும் ஐம்பதுமாக மூவாயிரம் ரூபாய். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பழைய நோட்டு செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம்மில் பணம் இல்லை, கரண்ட் இல்லாமல் கார்டு மெஷினும் ஓடவில்லை. அன்று பால் பாக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் சில்லறை வைத்திருந்தவர்கள். இன்றைக்கு ஜிபே இல்லாவிட்டால் அதே கதைதான்.

போன் டவர் போய்விட்டால்?

பேட்டரி செல்லில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதிய போன்கள் பலவற்றில் எஃப்எம் இருப்பதில்லை. எண்களைக் காகிதத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்: 112, 108, 101, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913. உங்கள் கணவர் அல்லது மனைவியின் நம்பர் மனப்பாடமாகத் தெரியுமா? எனக்கு 2015ல் தெரியாது.

வெளியூர்ப் பயணத்துக்கும் இதெல்லாம் தேவையா?

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரில் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றது. தண்டவாளத்தின் அடியில் மண்ணே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு நாளுக்கு மேல் அங்கேயே சிக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து இரவு ரயிலுக்கு நான் இரண்டு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், பவர் பேங்க், ஒரு நாள் மாத்திரை இல்லாமல் ஏறுவதில்லை.

பயிற்சி எவ்வளவு நாளுக்கு ஒரு முறை? யாருக்கும் நேரமில்லையே.

புதிதாக நாள் தேட வேண்டாம், ஆயுத பூஜை இருக்கிறது. பெரும்பாலும் பருவமழைக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. அன்றைக்கு எப்படியும் அரிவாள்மனையிலிருந்து ஸ்கூட்டர் வரை துடைத்துச் சந்தனம் வைக்கிறோம். தீயணைப்பானுக்கும் பொட்டு வைக்கிறோம், அதன் முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் இப்போது பையைத் தரையில் கொட்டித்தான் துடைக்கிறோம். மாத்திரைத் தேதி, செல், சார்ஜ், ரேடியோ, விசில் எல்லாம் பார்த்து, இரவு ஒரு மணி நேரம் மெயினை அணைத்துவிட்டு, சுண்டல் இருட்டில். மகள் ஸ்டாப்வாட்ச் பிடிப்பாள். பையோடு நான்கு பேரும் மொட்டை மாடிக்குப் போக முதல் வருஷம் ஒன்பது நிமிஷம் ஆனது. போன வருஷம் மூன்றரை.

நாங்கள் வெளிநாட்டில், அப்பா அம்மா மட்டும் ஊரில். என்ன வாங்கி அனுப்பலாம்?

அனுப்பினால் பெட்டியோடு ஷோகேஸில் இருக்கும். "நல்ல பொருளாச்சே, வீணாக்குவானேன்" என்று அப்பா பத்திரப்படுத்திவிடுவார். அடுத்த முறை வரும்போது நீங்களே பிரித்து, அட்டையைத் தூக்கிப் போட்டு, அவர்களைத் தினமும் அதைப் பயன்படுத்த வையுங்கள். என் அம்மாவுக்கு ஹெட்லாம்ப் வாங்கிக் கொடுத்தபோது "சுரங்கத்துக்கா போறேன்?" என்றாள். ராத்திரி பாத்ரூம் போக மாட்டிக்கொள், விழாமல் இருக்கலாம் என்று சொல்லிக் கட்டிலில் தொங்கவிட்டேன். பட்டையை எப்படித் தளர்த்துவது, எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினால் மங்கலாகும் என்பதெல்லாம் இப்போது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். போன புயலில் கரண்ட் போன இரவு போன் செய்தேன். அதை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுப் பாட்டிக்கு மாடிப்படியில் வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறாளாம், அப்புறம் பேசு என்று வைத்துவிட்டாள்.